அப்போது வேண்டாம் என்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

கீரனூர்க்காரன் எழுதியது:

போன வாரம் அக்கா மகள் புது ஸ்கூட்டர் எடுத்தாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, தாத்தாவிடம் காட்ட நேராக எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு இப்போது 78 வயது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நம்ம வீட்ல பொம்பளப் புள்ளைகள எதுக்கும் தடுத்ததில்ல. இவ அம்மாவுக்கு அந்தக் காலத்துலயே சைக்கிள் பழக்கிவிட்டவன் நான்."

அக்கா அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது வேறு. 1992. எழுத்தறிவு கொடுக்க வந்த அறிவொளி இயக்கத்துக்காரர்கள் எங்கள் புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்த நேரம். அக்காவுக்கு 16 வயது. "வயசுப் பொண்ணு காலத் தூக்கிப் போட்டு ஏறுவாளா" என்று அப்பா தன் சைக்கிளைத் திண்ணைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டார். சாவி இடுப்பில். அக்காவும் பெரியப்பா மகளும் காசு சேர்த்து, வாடகை சைக்கிள் எடுத்துக் கண்மாய்க்கரையில் பழகினார்கள். இதுகள் சாயங்காலம் எங்கே போகிறது என்று பார்த்துவர அப்பா அனுப்பியது என்னைத்தான். எனக்கு 12 வயது. பார்த்தேன், வந்து சொன்னேன். அன்று ராத்திரி அக்காவுக்கு விளக்குமாற்று அடி.

அப்பா பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். மனதார நம்புகிறார். இரண்டு நாளாக ஊரில் அந்த வயதுக்காரர்கள் ஆறேழு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும், "ஆமாமா, அப்ப ஊரே எதிர்த்துச்சு" என்கிறார்கள். "நீங்க?" என்று கேட்டால், "நான் என்னைக்கு எதிர்த்தேன்?" ஊரே எதிர்த்திருக்கிறது, ஆனால் எதிர்த்தவர் என்று ஒருத்தர் கூட அகப்படவில்லை.

உங்கள் ஊரில் எப்படி? அடுத்த வீட்டுக்காரர் கதை வேண்டாம். உங்கள் வீட்டில், முடிந்தால் நீங்களே, எதை வேண்டாம் என்றீர்கள், எப்போது அது சகஜமானது? சொல்லுங்கள்.

பழைய தொண்டர் எழுதியது:

தம்பி, கீரனூர் பக்கம் எந்த ஊர் என்று கேட்க மாட்டேன். நான் அப்போது குன்றாண்டார்கோயில் ஒன்றியத்தில் அறிவொளித் தொண்டராக இருந்தேன். உங்கள் அக்காவைப் பார்த்திருக்கவும் கூடும்.

இந்தக் கதையை இப்போது சொல்கிறவர்கள் 'சைக்கிள் புரட்சி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது தொடங்கியது புரட்சிக்காக இல்லை. 1991ல் எழுத்தறிவு இயக்கம் ஆரம்பித்தபோது, பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் நிறையப் பேர் என்னைப் போலப் பெண்கள். வகுப்பு ராத்திரி 7 மணிக்கு மேல்தான், கூலி வேலை முடித்து, உலை வைத்துவிட்டுப் படிக்கிறவர்கள் வர வேண்டுமே. வகுப்பு முடிந்தால் பஸ் கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் எங்களை யாராவது ஆண் கொண்டுவந்து விட வேண்டும், திரும்ப வந்து கூட்டிப்போக வேண்டும். அவர் வராத நாளில் வகுப்பும் இல்லை. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். எழுத்துப் படிப்பதோடு சைக்கிளும் படி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பேர் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் பெல் அடித்துக்கொண்டு போனோம். கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். ஒருத்தர் கூடக் கேலி பேசவில்லை. 1,500 பேரை எப்படிக் கேலி பேசுவது? தனியாகப் போனபோது பேசிய அதே ஆட்கள்தான்.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் பெரும்பாலும் பழகினோம். அது நல்லதாகவே போயிற்று. பாரில் ஒரு குழந்தை, கேரியரில் ஒரு குடம் அல்லது ஒரு குழந்தை. கல் குவாரியில் வேலை செய்த பெண்கள்தான் எங்களில் கெட்டிக்காரர்கள், இரண்டே நாளில் பழகினார்கள். அந்தக் காலத்தில் சில குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டிருந்தார்கள். கையில் காசும் இருந்தது, போய்வர வேலையும் இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் மாமியார் சைக்கிளை எதிர்த்தார். எப்போது விட்டார் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அவருக்குத் தேள் கொட்டிய ராத்திரி. கேரியரில் உட்கார வைத்து 6 கிலோமீட்டர் மிதித்தேன். மறுநாளிலிருந்து என் சைக்கிளை எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது அவர் வேலை.

2003பேட்ச் எழுதியது:

ஒரு சந்தேகம், கோபிக்க வேண்டாம். சைக்கிளுக்கா அடி? எனக்கு இது ஏதோ 1930ல் நடந்தது போலக் கேட்கிறது. எங்கள் அம்மா 1978ல் பிறந்தவர். இதையெல்லாம் ஒரு நாளும் சொன்னதில்லை.

கீரனூர்க்காரன் எழுதியது:

கேட்டுப் பாருங்கள் தம்பி. 'அம்மா உனக்கு சைக்கிள் தெரியுமா' என்று மட்டும் கேளுங்கள், மற்றது தானாக வரும்.

வாடகை சைக்கிள் எழுதியது:

அப்பா அறந்தாங்கிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். 11 வாடகை சைக்கிள், எல்லாவற்றிலும் மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர். மணிக்கு 1 ரூபாய். நோட்டில் பெயர், அப்பா பெயர், எடுத்த நேரம் எழுதுவோம். அந்த நோட்டு ஒன்று இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதில் 1991 கடைசி வரை ஒரு பெண் பெயர் கூட இல்லை. 1992ல் வர ஆரம்பிக்கிறது. ஆனால் பெண் பெயராக இல்லை. 'தம்பி பெயர்', 'அண்ணன் பெயர்' என்று எழுதச் சொல்வார்கள். சைக்கிளை எடுக்க ஒரு பொடியன் வருவான், ஓட்டுவது அக்காவாக இருக்கும். கொண்டுவந்து விடும்போது சீட் இறங்கியிருப்பதை வைத்து அப்பா கண்டுபிடித்துவிடுவார். சிரிப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். அவருக்கு வியாபாரம்.

நாங்கள் பையன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். பாவாடையோடு குரங்குப் பெடல் போட முடியாது. அதனால் அவர்கள் ஒரே தடவையில் சீட்டில் ஏறித்தான் பழக வேண்டும். கீழே விழுந்தால் அடியும் பெரிதாகப் படும். சேலை, தாவணி செயினில் மாட்டும். செயின் கவரும், பின் சக்கரத்துக்கு வலையும் போட்டுத் தரச் சொல்லி அந்த ஒரு வருஷத்தில் வந்த வேலை அதற்கு முன் பத்து வருஷத்தில் வந்ததில்லை.

என் பாவ மன்னிப்பு: கடையில் உட்கார்ந்து, போகிற பெண்களின் சைக்கிளுக்கு 'ஏய், பின்னாடி சக்கரம் சுத்துது' என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். 15 வயது. பயந்து குனிந்து பார்த்தால் தடுமாறுவார்கள். அதில் ஒரு சந்தோஷம்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம் என்று வந்தேன். பழகியது ஒரு லட்சம் பேர், சரி. பத்து வருஷம் கழித்து எத்தனை பேர் ஓட்டினார்கள்? என் வகுப்பில் படித்த பெண்கள் கல்யாணம் ஆனதும் சைக்கிளை விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் மோட்டார் பைக் இருந்தது, பின்னால் உட்கார்ந்தார்கள். வேறு ஊரில் கட்டிக்கொடுத்தால் அந்த ஊர் வேறு. இயக்கம் ஓய்ந்தபோது பாதி வேகமும் ஓய்ந்தது. நிலைத்தது எப்போது என்றால், 2001க்குப் பிறகு அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்த பிறகு. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு, அப்புறம் எல்லா மாணவிகளுக்கும், பையன்களுக்கும். பள்ளிக்கூட வாசலில் ஒரே நிறத்தில் 200 சைக்கிள் நின்றால் யார் யாரைக் கேட்பது.

நானும் சொல்லிவிடுகிறேன். 1996ல் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி டியூஷனுக்குச் சுடிதாரில் வந்தாள். 'நாளையிலிருந்து ஒழுங்கா வா' என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் மறுநாளிலிருந்து வரவேயில்லை. கணக்கில் 90க்கு மேல் வாங்குகிறவள். அப்போது ஜெயித்ததாக நினைத்தேன். என் மகள் 2006ல் ஜீன்ஸ் கேட்டபோது கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். பில் போடும்போதுதான் அந்தப் பெண் முகம் ஞாபகம் வந்தது. பெயர் ஞாபகம் வரவில்லை.

பாளை பேருந்து எழுதியது:

சார், அந்தப் பெண் நானாக இருந்திருக்கலாம். நான் பாளையங்கோட்டை, ஆனால் எங்களுக்கும் அதே போல ஒருவர் இருந்தார்.

சுடிதார் கதையை இங்கே யாரும் முழுதாகச் சொல்லவில்லை. 90களின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் முதல் வருஷம் பாதிப் பேர் தாவணி. சுடிதார் போட்டால் 'வடநாட்டுக்காரியா' என்பார்கள். அதற்கு முன்பு தாவணியே ஆபாசம், சேலைதான் அடக்கம் என்று பேசியவர்களும் உண்டு. இப்போது சுடிதார்தான் அடக்கம், லெக்கிங்ஸ் ஆபாசம், தாவணி 'நம்ம பாரம்பரியம்', கல்யாணத்துக்கு மட்டும். ஒவ்வொரு உடையும் ஒரு தடவை திட்டு வாங்கித்தான் பாரம்பரியத்தில் சேர்கிறது போல. 2019ல் தலைமைச் செயலக ஊழியர்களின் உடை பற்றி வந்த உத்தரவில் பெண்களுக்குச் சேலையோடு சல்வாரும் சுடிதாரும் இருந்தது, துப்பட்டாவோடு. என் அம்மா பேப்பரைப் படித்துவிட்டு, "துப்பட்டாவோடன்னு போட்டிருக்கான் பாத்தியா" என்றார். 1993ல் என் முதல் சுடிதாரை அடுப்பில் போடப் போனவர்.

இடையில் ஒன்று கேட்கிறேன். நைட்டி எப்போது அனுமதி வாங்கியது? சுடிதாருக்கு அவ்வளவு சண்டை நடந்த அதே தெருவில் நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் பூத், ரேஷன் கடை எல்லாம் போய்வந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. அம்மாக்கள் போட்டதால் இருக்கும். எந்த உடை என்பதை விட எந்த வயது என்பதுதான் விஷயம் போலிருக்கிறது.

வடமராட்சி எழுதியது:

எங்கட பக்கத்தில் இந்தக் கதை தலைகீழ். யாழ்ப்பாணத்தில் பொம்பிளைகள் சைக்கிள் ஓடுவது ஒரு செய்தியே இல்லை. (நீங்கள் 'ஓட்டுறது', நாங்கள் 'ஓடுறது'.) என் அம்மா ஆசிரியை. எழுபதுகளில் சாறி உடுத்துச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனவ. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோலே இல்லாமல் போன காலத்தில் டொக்டரும் சைக்கிள், பொம்பிளைப் பிள்ளைகளும் சைக்கிள், பிரசவத்துக்குப் போறவவும் சைக்கிள் கரியர். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். ரியூசன் விட்டால் ரோட்டு முழுக்க வெள்ளைச் சட்டைகளும் லுமாலா சைக்கிளும்தான்.

ஆனால் 'நாங்கள் முற்போக்கு' என்று சொல்ல வரவில்லை. சைக்கிளைக் கேட்காத அதே ஆட்கள் பொழுதுபட்டால் எங்கே போனாய் என்று கேட்டார்கள். எந்தச் சந்தியில் எந்தப் பெடியனோடு நின்று கதைத்தாய் என்று வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இருந்தது. சைக்கிள் விட்டது, சந்தி விடவில்லை.

மேலூர்ப் பக்கம் எழுதியது:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். நல்ல கதைகள். ஒரு விஷயம் மட்டும் யாருமே சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சைக்கிளில் இருந்து இறங்க வேண்டியது பெண்கள் மட்டுமில்லை. எங்கள் தெருக்காரர்கள், ஆண்களும்தான், ஊர்த் தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்துக்கொள்ள வேண்டும். என் அப்பா அப்படிப் போனதை 1988ல் நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா சைக்கிள் பழகியபோது எங்கள் வீட்டில் அம்மா பயந்தது 'பொண்ணு காலைத் தூக்கிப் போடுகிறாள்' என்பதற்காக இல்லை. இறங்க மறந்துவிடுவாளோ என்றுதான்.

இது எப்போது நின்றது? யாரும் மனம் மாறி நிறுத்தவில்லை. ஊருக்கு வெளியே ரோடு போட்டார்கள், அந்தத் தெரு வழியே போகும் அவசியம் இல்லாமல் போனது. டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்தது. பேப்பர் கப் வந்தது, அதுவும் போயிற்று. அதைத் திருத்தம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. அந்தக் கடைக்காரரின் மகன் என் பள்ளித் தோழன். "எங்க கடையில அப்படியெல்லாம் இருந்ததே இல்லடா" என்கிறான். நான் அந்தக் கிளாஸில் குடித்திருக்கிறேன். பின்பக்கத் தட்டியில் கவிழ்த்து வைத்திருக்கும், நாமே கழுவி எடுத்துக்கொள்ள வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

பெண்கள் சைக்கிள் பற்றி நல்லா போய்க்கொண்டிருந்த இழை. இங்கேயும் சாதியை இழுக்கணுமா?

மேலூர்ப் பக்கம் எழுதியது:

இழுக்கவில்லை சார். அது சைக்கிளிலேயே இருந்தது.

பழைய தொண்டர் எழுதியது:

மேலூர்த் தம்பி சொல்வது சரி. எங்கள் இயக்கத்திலும் அது இருந்தது. வகுப்பு எந்தத் தெருவில் நடக்கிறது என்பதைப் பொறுத்து யார் வருவார்கள் என்பது மாறும். இரண்டு தெருவுக்கும் நடுவில் பள்ளிக்கூடத் திண்ணையில் வைத்துச் சமாளித்தோம். அதை நாங்கள் மேடையில் பேசியதில்லை.

பத்திரம் பக்கம் எழுதியது:

நான் ஆவண எழுத்தர், 27 வருஷமாக. சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பவன். மேலூர்க்காரர் ரோடு, பேப்பர் கப் என்றார். எனக்கு என் தொழிலில் பார்த்தது ஞாபகம் வருகிறது.

சைக்கிள், சுடிதார், ஸ்கூட்டர் எல்லாம் விட்டுக்கொடுக்க எளிது. அதனால் அப்பாவுக்குச் செலவு ஒன்றும் இல்லை, அலைச்சலும் குறைகிறது. சொத்து அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருஷம் மார்ச் 25க்குள் கல்யாணம் ஆகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பங்கு. 2005ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் கல்யாணம் ஆனவர்களுக்கும் கொடுத்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: 2005ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை, மகளுக்கு அது பிறப்பால் வரும் உரிமை. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. வாசலில் நான் எழுதியது என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம். அக்கா தங்கச்சி எல்லாரும் வந்து தங்கள் பாகத்தை அண்ணன் தம்பிக்கு விட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். 'யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், பூரண சம்மதத்துடன்' என்ற வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைரேகை வைப்பார்கள்.

'நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே' என்பார்கள். 'நாளைக்கு உன் பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் யார் செய்வது' என்பார்கள். இந்த இரண்டாவதுதான் கையெழுத்து வாங்கும். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற பயம்.

மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பெண்கள் பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறார்கள். ஏழெட்டு வருஷமாக, 'இதில் எத்தனை சென்ட், இன்னைக்கு என்ன மதிப்பு' என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், அது வேறு. ஆனால் கேட்கும்போது கூட வந்த அண்ணன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

வடமராட்சி எழுதியது:

இதிலும் நாங்கள் தலைகீழ்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைதான் எங்களுக்கு. காணியும் வீடும் சீதனமாக மகளின் பெயருக்கே போகும். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அந்தக் காணியை அவள் விற்க வேண்டுமென்றால் புருஷன் சம்மதித்து எழுத்தில் தர வேண்டும். அம்மாவின் பேரில் உறுதி (உங்கட பத்திரம்), அலுமாரித் திறப்பு (உங்கட சாவி) அப்பாவிடம்.

2003பேட்ச் எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். சைக்கிள் தெரியுமாம்! முழங்காலில் இருக்கும் தழும்பைக் காட்டினார். நான் இத்தனை வருஷம் அது சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீரனூர்க்காரன் அண்ணே, ஒன்று கேட்கலாமா? பத்திரம் பக்கம் அண்ணன் எழுதியதைப் படித்ததும் தோன்றியது. உங்கள் அக்கா கையெழுத்துப் போட்டாங்களா?

பாளை பேருந்து எழுதியது:

நல்ல கேள்வி. இழை ஆரம்பித்தவர் இரண்டு நாளாகக் காணோம்.

அதுவரை இன்றைய சங்கதி ஒன்று. 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸில் சீட் பிடித்தால், "ஓசியில போறதுக்கு இதுங்களுக்கு சீட் வேற" என்று முணுமுணுக்கும் ஒருவரைத் தினமும் பார்க்கிறேன். 2018ல் வேலைக்குப் போகும் பெண்கள் இருசக்கர வண்டி வாங்க அரசு பாதி விலை, 25,000 ரூபாய் வரை, கொடுத்தபோதும் இதே பேச்சு இருந்தது. இந்த ஆளை நான் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறேன். 2045ல் அவர், 'நாங்க எல்லாம் அப்பவே ஆதரிச்சோம்' என்று எங்காவது எழுதுவார். தேதியோடு மறுக்க ஒருத்தி வேண்டும்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

நானும் பஸ்ஸில் முணுமுணுத்திருக்கிறேன். உரக்க இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

கீரனூர்க்காரன் எழுதியது:

மன்னிக்கவும், இரண்டு நாள் எழுதவில்லை. எழுத முடியவில்லை என்பதுதான் உண்மை.

போட்டாள். 2008ல். தாத்தா வழி வந்த நிலத்தில் ஒரு பகுதியில் நான் வீடு கட்ட வங்கிக் கடன் கேட்டிருந்தேன். வங்கி வக்கீல், 'அக்காவிடம் விடுதலை வாங்கிக்கொண்டு வாருங்கள்' என்றார். போன் செய்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அரை மணி நேர வேலை. மதியம் ஹோட்டலில் சாப்பிட்டோம், ஒரு சேலை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். இந்த 17 வருஷத்தில் அதை நான் ஒரு தடவை கூட நினைத்துப் பார்க்கவில்லை. முந்தாநாள் 2003பேட்ச் தம்பி கேட்கும் வரைக்கும், 'எங்கள் வீட்டில் சொத்துப் பிரச்சினையே வந்ததில்லை' என்று யாரிடமும் பெருமையாகச் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன்.

நேற்று அக்காவுக்குப் போன் போட்டேன். நேராக அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. "அப்பா அன்னைக்கு சைக்கிள் பத்தி அப்படிச் சொன்னாரே, நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று ஆரம்பித்தேன். அவள் சொன்னது இது: "அவர் சொன்னது பொய்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பக்கத்துல நின்னது என் மக. அவளுக்குத் தடுக்காத தாத்தாவாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

அப்புறம் மென்று முழுங்கி, "அந்த 2008 பத்திரம்…" என்றேன். முடிக்க விடவில்லை. சர்வே நம்பரைச் சொன்னாள். உட்பிரிவோடு. 72 சென்ட், அதில் தன் பாகம் 24 என்றாள். அன்றைக்கு மழை பெய்ததும், கையெழுத்துப் போடும்போது பேனா எழுதாமல் என் பேனாவை வாங்கியதும், சேலை மாம்பழக் கலர் என்பதும், எல்லாம் வரிசையாகச் சொன்னாள். கோபமாக இல்லை. ரேஷன் கார்டு நம்பர் சொல்வது போலச் சொன்னாள். "எதுக்குக் கேக்குற?" என்றாள். சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

வீட்டில் பேசினேன். "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு" என்கிறாள் மனைவி. நானும் முதலில் அதையேதான் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. வீடு போக மீதி இடம் காலியாகக் கிடக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா, பத்திரம் பக்கம் அண்ணே?

பத்திரம் பக்கம் எழுதியது:

தாராளமாக. விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்யப் போக வேண்டாம், அது வேண்டாத தலைவலி. காலியாக உள்ள இடத்தில் 24 சென்ட் அளந்து அக்கா பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதுங்கள். உடன்பிறந்தவர்களுக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை குறைவு. வங்கிக் கடன் முடிந்துவிட்டதா, அடமானம் தள்ளுபடி ரசீது பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2008லிருந்து வில்லங்கம் போட்டு எடுங்கள். சர்வேயரை வைத்துக் கல் ஊன்றிய பிறகு எழுதுவது நல்லது, நான்கு எல்லையும் சரியாக வரும். பதிவு முடிந்த கையோடு பட்டா உட்பிரிவுக்கும் மனுக் கொடுத்துவிடுங்கள், அதை விட்டால் இன்னொரு பத்து வருஷம் போய்விடும்.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ரோட்டு ஓரமாக வேண்டுமா, கிணற்றுப் பக்கமா என்று.